காகிதப் படிவத்தை விட்டு மின்னணுத் தாக்கலுக்கு: சரக்குக் கப்பலின் சுங்க வேலையை எந்த வரிசையில் மாற்றுவது

இதுவரை கப்பலின் வருகைக் காகிதங்களை எக்செல்லில் அடித்து, அச்செடுத்து, கேப்டனிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கப்பலேறி வரும் அதிகாரியிடம் கட்டாகக் கொடுத்துப் பழகிய கப்பல் ஏஜென்சி ஊழியர்களுக்கும் கப்பல் அதிகாரிகளுக்கும் இது. நாட்டுக்கு நாடு திரையும் பொத்தானும் மாறும். வேலையின் வரிசை பெரிதாக மாறாது. தடுக்கி விழுகிறவர்களும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் விழுகிறார்கள்.

1. படிவத்தை ஒதுக்கி வையுங்கள், கட்டங்களைப் பாருங்கள்

ஐ.எம்.ஓ. எனும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஃபால் ஒப்பந்தப்படி (கப்பல் போக்குவரத்து நடைமுறைகளை எளிதாக்கும் ஒப்பந்தம்) கப்பல்களுக்கு ஏழு நிலையான படிவங்கள் உண்டு: பொது அறிவிப்பு, சரக்கு அறிவிப்பு, கப்பல் ஸ்டோர்ஸ் (கப்பலிலேயே செலவாகும் பொருள்கள்), பணியாளர் உடைமைகள், க்ரூ லிஸ்ட் (பணியாளர் பட்டியல்), பயணிகள் பட்டியல், அபாயச் சரக்கு மேனிஃபெஸ்ட் (சரக்குப் பட்டியல்). 2019 ஏப்ரல் 8 முதல் இந்தத் தகவல்களை மின்னணு முறையில் வாங்க உறுப்பு நாடுகள் ஏற்பாடு செய்தாக வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் எல்லாம் ஒரே வாசல் வழியாக, அதாவது 'சிங்கிள் விண்டோ' வழியாகப் போக வேண்டும்.

புதியவர்கள் முதலில் செய்வது, பழைய படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையில் வரிக்கு வரி அடிப்பது. அது வேண்டாம். ஏழு படிவங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நிறங்களில் ஒன்றைப் பூசுங்கள்: கப்பலோடு நிரந்தரமாக இருப்பது, பயணத்துக்குப் பயணம் மாறுவது, ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக வருவது.

காரணம் இதுதான். கப்பலின் பெயர் ஏழு படிவங்களிலும் வரும். ஒன்றில் எழுத்து பிசகினால் காகிதத்தில் யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. இயந்திரம் ஒப்பிடும். அதனால் ஒரு தகவல் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பு ஒருவர்தான். அரை நாள் வேலை. இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் மூன்றாவது கப்பலுக்குள் திரும்பி வந்து இதைத்தான் செய்தார்கள்.

2. எந்தக் கடிகாரம் முதலில் ஓடுகிறது

"கப்பல் வருவதற்கு முன் அனுப்ப வேண்டும்" என்று பொதுவாகப் புரிந்துகொண்டால் சிக்கல். ஓடுவது ஒரு கடிகாரம் அல்ல.

கன்டெய்னர் சரக்குக்குப் பல நாடுகளில் கெடு, கப்பல் வருவதைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஏற்றுவதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நீண்ட தூரக் கடல்வழியில் போகும் கன்டெய்னர் என்றால், ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே விவரம் போயிருக்க வேண்டும். கன்டெய்னரில் இல்லாமல் மொத்தமாகக் கொட்டி ஏற்றும் சரக்குக்கு (பல்க்) அப்படி இல்லை; ஐரோப்பிய ஒன்றியத்தில் வருகைக்கு 4 மணி நேரம் முன் போதும். அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கான வருகை அறிவிப்பு தனிக் கதை: 96 மணி நேரம் அல்லது அதற்கு மேற்பட்ட பயணத்துக்கு 96 மணி நேரம் முன்.

ஆகவே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: ஏற்றுவதற்கு முன், வருகைக்கு முன், புறப்படுவதற்கு முன். ஒவ்வொன்றிலும் எந்தத் தகவல், யார் அனுப்புவது, எந்த மணிக்குள். முந்தைய துறைமுகம் அருகில் இருந்தால் கெடு சுருங்குமா என்பதையும் உள்ளூர் ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபோனில் சொன்னதை நம்பி அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

3. பதிவும் அதிகாரக் கடிதமும்: கப்பல் கிளம்புவதற்கு வாரங்கள் முன்பே

அவசரப்படுத்த முடியாத படி இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் இரவு கண்விழித்து முடிக்கலாம். பதிவுக்கு அரசு அலுவலகம் திறந்திருக்க வேண்டும்.

வேண்டியவை: நிறுவனத்துக்கான சுங்க அடையாள எண், கப்பல் உரிமையாளர் அல்லது லைன் (கப்பல் நிறுவனம்) தந்த அதிகாரக் கடிதம், தாக்கல் செய்பவரின் டிஜிட்டல் கையெழுத்துச் சான்று. சில நாடுகளில் பிணைப் பத்திரமும் கேட்பார்கள்.

டிஜிட்டல் சான்று பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில் வருவதில்லை, ஓர் ஆளின் பெயரில் வரும். அந்த ஆள் விடுப்பில் போனால் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். எப்போதும் இரண்டு பேருக்கு எடுங்கள். காலாவதி தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். ஒருவருடைய சான்று இருக்கும் டோக்கனை இன்னொருவர் பயன்படுத்துவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் தவறு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர், அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்.

யார் எதைத் தாக்கல் செய்வது என்பதையும் இப்போதே எழுதி முடித்துவிடுங்கள். லைன் மாஸ்டர் பில்லை (ஃபார்வார்டருக்கு லைன் தரும் சரக்குச் சீட்டு) அனுப்பும், ஃபார்வார்டர் (பல வணிகர்களின் சரக்கைச் சேர்த்து அனுப்பும் இடைத்தரகர்) ஹவுஸ் பில்லை (அவர் ஒவ்வொரு வணிகருக்கும் தரும் சீட்டு) அனுப்புவார், ஏஜென்ட் வருகையை அனுப்புவார் என்று பிரிந்திருந்தால், இடையில் விழுகிற ஒன்று கட்டாயம் இருக்கும்.

4. கப்பலின் மூலத் தாள்

ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் ஏழு இலக்க நிரந்தர அடையாள எண்), கால் சைன் (வானொலி அழைப்புக் குறி), ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. (கப்பலின் வானொலி அடையாள எண்), கொடி நாடு, பதிவுத் துறைமுகம், கிராஸ் டன்னேஜ் (கப்பலின் மொத்தக் கொள்ளளவு), நெட் டன்னேஜ் (சரக்குக்கான கொள்ளளவு), நீளம், சான்றிதழ்களின் எண்ணும் காலாவதியும். இவற்றைப் பழைய படிவத்திலிருந்து எடுக்காதீர்கள். சான்றிதழின் ஸ்கேன் பிரதியிலிருந்து எடுங்கள். கப்பல் விற்கப்பட்டு கொடி மாறியிருந்தால் பழைய படிவம் பொய் சொல்லும். ஐ.எம்.ஓ. எண் மட்டும் மாறாது.

அந்த எண் சரியா என்று கையாலேயே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9074729 என்றால் 63 + 0 + 35 + 16 + 21 + 4 = 139; கடைசி இலக்கம் 9, ஏழாவதும் 9.

5. வருகை எண், துறைமுகக் குறியீடு, நேரம்

அமைப்பில் முதலில் உருவாக்க வேண்டியது கப்பல் வருகைப் பதிவு. அதற்கு ஓர் எண் கிடைக்கும். பிறகு அனுப்பும் சரக்கு, பணியாளர், கழிவு எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்கும். சரக்கு விவரத்தை முதலில் அனுப்பிவிட்டு வருகையைப் பிறகு திறந்தால், அது எந்தக் கப்பலோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். ஒரே வருகையை ஏஜென்ட் ஒருமுறையும் லைன் ஒருமுறையும் திறந்துவிடுவதும் நடக்கும். அப்போது பாதி தகவல் ஒரு எண்ணிலும் மீதி இன்னொரு எண்ணிலும் கிடக்கும்.

துறைமுகத்தைப் பெயரால் எழுதாமல் ஐந்து எழுத்துள்ள ஐ.நா. இடக் குறியீட்டால் எழுத வேண்டும். முதல் இரண்டு எழுத்து நாடு, அடுத்த மூன்று இடம். பெயரை அடித்துத் தேடினால் ஒரே பெயரில் பல ஊர்கள் வரும்: வலென்சியா ஸ்பெயினிலும் உண்டு, வெனிசுவேலாவிலும் உண்டு. முதலில் வந்ததை அழுத்தாதீர்கள். நாட்டு எழுத்தைப் பார்த்து அழுத்துங்கள்.

நேரம்தான் மிக அதிகமாகக் கவிழ்ப்பது. கேப்டன் அனுப்பும் ஈ.டி.ஏ. (எதிர்பார்க்கும் வருகை நேரம்) கப்பல் நேரத்திலா, துறைமுக நேரத்திலா, யூ.டி.சி. எனும் உலகப் பொது நேரத்திலா? துறைமுகம் யூ.டி.சி.க்கு 8 மணி நேரம் முன்னால் இருந்தால், அங்கே 15ஆம் தேதி காலை 4 மணி என்பது யூ.டி.சி.யில் 14ஆம் தேதி இரவு 8 மணி. தேதியே மாறுகிறது. மாற்றாமல் அப்படியே போட்டால் 24 மணி நேரக் கெடுவில் 8 மணி நேரம் காணாமல் போய்விடும். தாக்கல் செய்யும் செய்தியில் நேரத்தின் இறுதியில் 'இசட்' என்ற எழுத்து இருந்தால் அது யூ.டி.சி. கேப்டனுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலேயே "துறைமுக நேரத்தில் தரவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

6. க்ரூ லிஸ்ட்

பெயரைக் கப்பலில் கூப்பிடுகிறபடி எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி இயந்திர எழுத்தில் இருக்கிறபடி எழுதுங்கள். குடிவரவு அமைப்பு ஒப்பிடுவது அதோடுதான்.

ஒற்றைப் பெயர் உள்ளவர்களால் புதியவர்கள் திணறுவார்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமைப்பு ஏற்காது. உடனே தந்தை பெயரை இட்டு நிரப்புவார்கள், அது பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதற்கு ஒவ்வொரு அமைப்பின் கையேட்டிலும் விதி உண்டு. ஒருமுறை பார்த்து மூலத் தாளில் குறித்து வையுங்கள்.

துறைமுகத்திலேயே ஆள் மாற்றம் இருந்தால் இரண்டு பட்டியல்கள் வேண்டும்: வரும்போது இருந்தவர்கள், போகும்போது இருப்பவர்கள். வருகைப் பட்டியலைத் திருத்தியே புறப்பாட்டுப் பட்டியலாக்குவது தவறு. இறங்கியவர் கப்பலில் வரவே இல்லை என்று ஆகிவிடும்.

7. சரக்கு: நேரம் போகிற இடம்

மற்ற படிகள் எல்லாம் சேர்ந்து எடுக்கும் நேரத்தை இது ஒன்றே எடுக்கும். அவசரப்படாதீர்கள்.

முதலில் எதையெல்லாம் அறிவிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இங்கே இறக்கும் சரக்கு மட்டும் என்று நினைப்பது முதல் தவறு. இறக்காமல் கப்பலிலேயே அடுத்த துறைமுகத்துக்குப் போகும் சரக்கையும் பல நாடுகள் கேட்கும். சுங்கம் கவலைப்படுவது தன் எல்லைக்குள் வரும் எல்லாப் பொருளையும் பற்றி. இரண்டாவது, காலிக் கன்டெய்னர். அதில் சரக்கு இல்லை என்பதால் விட்டுவிடுவார்கள். பெட்டிகளின் எண்ணிக்கை ஸ்டோவேஜ் பிளானோடு (எந்தப் பெட்டி கப்பலில் எங்கே என்ற வரைபடம்) பொருந்தாமல் போகும்.

அடுத்து பில் கட்டமைப்பு. ஒரு மாஸ்டர் பில்லின் கீழ் பத்து ஹவுஸ் பில்கள் இருந்தால், பத்தின் எடையும் பொட்டல எண்ணிக்கையும் கூடி மாஸ்டரோடு சமமாக வேண்டும். அனுப்புநர், பெறுநர் கட்டங்களில் ஃபார்வார்டரின் பெயரைப் போட்டு நிறுத்திவிடக் கூடாது. ஹவுஸ் நிலையில் உண்மையில் விற்றவரும் வாங்கியவரும் தெரிய வேண்டும்; அபாய மதிப்பீடு அந்தப் பெயர்களை வைத்துத்தான் நடக்கிறது. பெறுநரின் பெயருக்குப் பதில் 'வங்கியின் ஆர்டருக்கு' என்று எழுதிய பில் என்றால், அறிவிக்கப்பட வேண்டியவரின் முழு முகவரியும் வேண்டும்.

சரக்கு விவரணை. 'பொதுச் சரக்கு', 'பாகங்கள்', 'பலவகைப் பொருள்', 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' போன்றவை காகிதத்தில் ஓடின. இப்போது ஓடாது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். 'பாகங்கள்' என்பதற்குப் பதில் 'பயணிகள் காருக்கான பிரேக் பேட்'. ஐரோப்பிய ஒன்றிய அமைப்பு ஆறு இலக்க எச்.எஸ். குறியீட்டையும் (பொருள்களை வகைப்படுத்தும் சர்வதேசச் சுங்க எண்) கேட்கும். விவரணை ஒன்றும் குறியீடு வேறொன்றும் சொன்னால் கேள்வி வரும். குறியீட்டை நீங்களாக ஊகிக்காதீர்கள். ஏற்றுமதியாளரிடம் கேளுங்கள், புக்கிங் எடுக்கும்போதே கேட்டால்தான் நேரத்துக்குக் கிடைக்கும்.

எடையும் அலகும். அமைப்பு கிலோகிராமில் கேட்கும் இடத்தில் டன்னில் போட்டால் 24 டன் பெட்டி 24 கிலோ ஆகும். அமைப்பு அதை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளவும் கூடும், அதுதான் ஆபத்து. எக்செல்லில் காற்புள்ளியும் புள்ளியும் இடம் மாறும் நாடுகளிலிருந்து வரும் கோப்பில் இன்னும் கவனம் வேண்டும்.

கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், ஒரு சோதனை இலக்கம். சோதனை இலக்கம் தவறினால் பெரும்பாலான அமைப்புகள் அங்கேயே நிறுத்தும். பெட்டிக் கதவின் சீல் எண்ணுக்கு அப்படிச் சோதனை எதுவும் கிடையாது. அதனால் எழுத்துப் பிழை கடைசிவரை மறைந்திருந்து, துறைமுக வாசலில் பெட்டியோடு ஒப்பிடும்போதுதான் வெளிவரும். அதை மட்டும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்த்துச் சரிபாருங்கள்.

கடைசியாக, ஏற்றாமல் விட்ட பெட்டிகள். ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிக்கிறோம். அதன்பின் இடமில்லாமல் சில பெட்டிகள் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். அவற்றை மேனிஃபெஸ்டிலிருந்து எடுக்காவிட்டால், அறிவித்த பெட்டி ஏன் இறங்கவில்லை என்று வந்த இடத்தில் கேட்பார்கள். கப்பல் புறப்பட்டதும் டெர்மினல் தரும் இறுதி ஏற்றப் பட்டியலோடு ஒப்பிடுவதைக் கட்டாயப் படியாக வையுங்கள்.

8. அபாயச் சரக்கு

ஐ.நா. எண் (அபாயப் பொருளுக்கான நான்கு இலக்க எண்), முறையான பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப் (ஆபத்தின் அளவு), கப்பலில் இருக்கும் இடம், அவசரத் தொடர்பு எண். ஏற்றுமதியாளரின் அறிவிப்பிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். சரக்கு மேனிஃபெஸ்டில் அபாயக் குறி இல்லாத பெட்டி இந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது, அங்கே குறி உள்ளது இங்கே விடுபடவும் கூடாது.

மூன்று கண்ணிகள். கழுவாத காலி டேங்க் கன்டெய்னர் அபாயச் சரக்குதான். 'லிமிடெட் குவான்டிட்டி' (சிறு அளவுப் பொட்டலங்கள்) என்றாலும் பட்டியலில் வர வேண்டும். மூன்றாவது, பழைய டெம்ப்ளேட். லித்தியம் அயன் பேட்டரியில் ஓடும் வாகனங்களை முன்பு 3171 என்ற எண்ணில் போட்டோம், கடல்வழி அபாயச் சரக்குக்கான ஐ.எம்.டி.ஜி. விதிகளின் 42ஆம் திருத்தம் அவற்றுக்கு 3556 தந்திருக்கிறது, 2026 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சேமித்து வைத்த வரியை நகலெடுப்பவர்கள் இதில் சிக்குவார்கள்.

9. ஸ்டோர்ஸ், உடல்நலம், கழிவு, பாதுகாப்பு

இவை சின்ன வேலைகள். சீஃப் ஆபீசரோ பர்சரோ ஒரு மணி நேரத்தில் தந்துவிடுவார்கள். ஸ்டோர்ஸில் அலகைப் பாருங்கள்: சிகரெட்டைக் குச்சிக் கணக்கில் கேட்கிறார்களா, கார்ட்டன் கணக்கிலா, மதுவை லிட்டரிலா, பாட்டிலிலா. வரி கட்டாத பொருள்களைப் பூட்டி வைக்கும் பாண்டட் ஸ்டோரைத் திறந்து எண்ணுகிற அதிகாரி உங்கள் எண்ணோடு ஒப்பிடுவார்.

கப்பல் சுகாதாரச் சான்று ஆறு மாதமே செல்லும். பயணத்தின் நடுவில் காலாவதியாகுமா என்று பாருங்கள்.

பாதுகாப்பு முன்னறிவிப்பில் கடைசி பத்து துறைமுக வசதிகளைக் கேட்பார்கள். ஊர் அல்ல, வசதி. ஒரே ஊரில் இரண்டு டெர்மினல்களில் நின்றிருந்தால் இரண்டு வரி.

10. அனுப்பியதும் வருகிற பதிலைப் படியுங்கள்

"அனுப்பிவிட்டேன்" என்பதோடு வேலையை முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். காகிதத்தில் அதிகாரி முத்திரை குத்தியபோது முடிந்தது தெரிந்தது. இங்கே பதில் பல கட்டங்களாக வரும்.

முதலில் கிடைத்தது என்ற ஒப்புதல். கோப்பு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அடுத்து வடிவச் சோதனை: கட்டங்கள் சரியா, குறியீடுகள் உண்டா. அதற்கும் பிறகு ஏற்பு, பதிவு எண்ணோடு. அதற்கும் மேலே, 'ஏற்ற வேண்டாம்', 'பிடித்து வை', 'கூடுதல் விவரம் தா' போன்ற அபாய மதிப்பீட்டு உத்தரவுகள், பில் பில்லாகத் தனித்தனியே வரும். முந்நூறு பில்லில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு பச்சையாகவும் இரண்டு சிவப்பாகவும் இருக்கும். திரையின் மேல்வரி மட்டும் பார்த்தால் அந்த இரண்டு கண்ணில் படாது.

எனக்கே நடந்தது. வெள்ளி மாலை ஒப்புதல் வந்ததும் கணினியை மூடிவிட்டுப் போனேன். வடிவப் பிழை என்ற பதில் நாற்பது நிமிடம் கழித்து வந்திருக்கிறது. சனிக்கிழமை விடிகாலை டெர்மினலிலிருந்து கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து, ஏற்புப் பதிவு எண் வந்து தாளில் எழுதப்படும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை.

11. திருத்தம்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்ட காலம் முடிந்தது. இப்போது ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடும் பெயரோடும் பதிவாகிறது.

பிழை கண்டதும் முழுவதையும் ரத்து செய்து மறுபடி அனுப்பலாம் என்று கை பரபரக்கும். ரத்து செய்தால் முதல் தாக்கலின் நேரமும் போய்விடும். புதியது கெடு தாண்டியதாகக் கணக்காகலாம். எனவே பிழை உள்ள வரியை மட்டும் திருத்துங்கள், அதே பதிவு எண்ணில். சில கட்டங்களைத் திருத்தவே விடமாட்டார்கள், அப்போதுதான் ரத்து. அதற்கு முன் சுங்க உதவி மேசைக்கு எழுதி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் ஈ.டி.ஏ. மாறும்போதெல்லாம் திருத்த வேண்டுமா என்று கேட்பார்கள். எத்தனை மணி நேர வித்தியாசத்துக்கு மேல் கட்டாயம் என்பதை இரண்டாம் படியில் போட்ட தாளில் சேர்த்திருந்தால் கேட்க வேண்டியிருக்காது.

12. இணையம் போனால்

மின்னணு வழி இயங்காத அசாதாரண நிலையில் காகிதத்தை ஏற்க ஃபால் ஒப்பந்தம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் அலுவலக மோடம் கெட்டதை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசின் அமைப்பு நின்றதற்குத்தான் பொருந்தும். அப்போது அறிவிப்பு வெளியிட்டிருப்பார்கள், அதன் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பிழைத் திரையைப் படம் எடுங்கள். வெற்றுப் படிவம் ஏழும் அச்செடுத்து ஒரு கோப்பில் இருக்கட்டும். அமைப்பு மீண்டதும் அதே தகவலை மின்னணுவிலும் ஏற்ற வேண்டியிருக்கும். காகிதத்தோடு விட்டுவிட்டால் கணக்கில் அந்தக் கப்பல் வராமலே போயிருக்கும்.

13. முதல் மூன்று கப்பல்கள்

மின்னணு முறையைக் கட்டாயமாக்கும் நாடு குறைந்தது 12 மாதம் இடைக்காலம் தர வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அந்தக் காலம் உங்களுக்கு இன்னும் இருந்தால், முதல் மூன்று கப்பல்களுக்கு இரண்டையும் செய்யுங்கள்: மின்னணுவில் அனுப்பி, அதிலிருந்தே காகிதத்தை அச்செடுங்கள். காகிதத்தைத் தனியாக அடித்தால் மறுபடியும் இரண்டு உண்மைகள் உருவாகும்.

சிறிய கப்பலில் தொடங்குங்கள். ஐம்பது பில்லுக்குள் இருப்பது நல்லது. ஒவ்வொரு மறுப்புப் பதிலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: குறியீடு, காரணம், சரிசெய்தது எப்படி. மூன்றாவது கப்பலில் அந்த நோட்டுதான் கையேட்டைவிட அதிகம் புரட்டப்படும்.

புறப்பாட்டு அனுமதி கிடைத்ததும் அதன் எண்ணைக் கேப்டனுக்கு உடனே அனுப்புங்கள், முடிந்தால் அச்சுப் பிரதியையும் கப்பலில் கொடுங்கள். அடுத்த துறைமுகத்தில் கடைசித் துறைமுகத்தின் அனுமதிச் சீட்டைக் கேட்கும்போது கப்பல் சாட்டிலைட் இணைப்பில் இருக்கும், பி.டி.எஃப். தரவிறங்கும்வரை, கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்த வரும் பைலட் ஏணியில் நின்று காத்திருக்க மாட்டார்.